ஏழு பேர் ஏறினால் என்ன மைலேஜ்

ஜூன் 3

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, அதனால் பிள்ளைகள் விஷயம் எதுவானாலும் இனி எழுத்தில்தான் என்று நாம் பேசி வைத்திருக்கிறோம். இது வண்டி விஷயம். ஆனால் பிள்ளைகள் உட்காரப் போகிற வண்டி. அதனால் கணக்கில் சேரும் என்று நானே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். சேராது என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இந்த வீட்டில் இப்போது ஏழு பேர். அவர், நான், நம்முடைய பெரியவன், குட்டி, அவருடைய மகள், அவருடைய இரட்டைப் பையன்கள். அவரிடம் இருப்பது சின்ன கார். எங்கே கிளம்பினாலும் இரண்டு நடை. முதல் நடையில் போனவர்கள் அங்கே காத்திருக்க, இரண்டாவது நடைக்காரர்கள் இங்கே சண்டை போட, எல்லோரும் ஒன்றுசேர்வதற்குள் போன வேலையே மறந்துவிடுகிறது. ஏழு சீட் உள்ள பெரிய வண்டி ஒன்று பழையதாக வாங்குவதென்று முடிவாகிவிட்டது. அவர் கம்ப்யூட்டரில் தேடி இரண்டு வண்டிகளைக் குறித்து வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், நல்ல உயரம், டீசல். இன்னொன்று வெள்ளை, கொஞ்சம் சின்னது, பெட்ரோல். இரண்டும் நிற்பது நீங்கள் வேலை பார்க்கிற பழைய வண்டி யார்டில். சத்தியமாக இது நான் செய்த ஏற்பாடு இல்லை. யார்டின் பெயரைப் பார்த்ததும் எனக்குத்தான் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மாதம் ஒருமுறை பிள்ளைகளை உங்களிடம் கொண்டுவந்து விட வேண்டும் என்பது பேச்சு. ஏப்ரலில் இரண்டு பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டு வந்தோமே, அதோடு சரி. அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இங்கே வேறு ஆளில்லை. அதனால் கிளம்பினால் ஏழு பேரும்தான் கிளம்பியாக வேண்டும். உங்கள் ஊரில் என் அக்கா வீட்டில் தங்கிக்கொள்வோம். போக வர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டி கட்டுப்படியாகிற மைலேஜ் கொடுத்தால் மாதாமாதம் வரலாம், தண்ணீராகக் குடிக்கிற வண்டி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

விற்கிறவர்கள் சொல்லும் மைலேஜை நம்பக் கூடாது என்று நீங்கள்தான் சொல்வீர்கள். உங்கள் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் ஒரு வண்டியின் கீறலை மறைத்து ரிப்போர்ட் எழுதினீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

பிள்ளைகளின் அம்மா


ஜூன் 7

குட்டியின் அம்மாவுக்கு,

வண்டி விஷயம் கணக்கில் சேரும். எந்தப் பல், மேலேயா கீழேயா என்று எழுதவில்லை. அதுவும் கணக்கில் சேரும்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். நீ கடிதம் முழுக்க ‘அவர்’, ‘அவர்’ என்று எழுதியிருக்கிறாய். பதினாலு வருஷம் உன் வாயில் அந்த ‘அவர்’ நான். படிக்கிறபோது ஒவ்வொரு வரியிலும் தடுக்கி விழ வேண்டியிருக்கிறது. ஆகவே நான் அவரைக் கண்ணாடிக்கடைக்காரர் என்றே குறிப்பிடுகிறேன். ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறவர், மரியாதையான தொழில், இதில் கிண்டல் எதுவும் இல்லை. வண்டியை நிறத்தைப் பார்த்துக் குறித்து வைத்தாரே என்று மட்டும் ஒரு சின்ன சந்தேகம்.

மைலேஜ். வெள்ளை வண்டியின் முன் கண்ணாடியில் பதினேழு என்று ஒட்டியிருக்கிறோம். சாம்பலில் பன்னிரண்டு. ஒட்டுகிறவனே நான்தான் என்பதால் சொல்கிறேன், இரண்டும் பொய். ஆனால் ஒரே அளவுப் பொய் இல்லை. அந்த எண்கள் எல்லாம் ஒற்றை ஆள், ஏசி இல்லை, பெட்டி படுக்கை இல்லை, மேடு பள்ளம் இல்லை என்ற கணக்கில் வருபவை. சின்ன எஞ்சின் ஒற்றை ஆளோடு துள்ளிக்கொண்டு ஓடும். ஏழு பேரை ஏற்றினால் மூச்சு வாங்கும், கியரை இறக்கி இறக்கி ஓட்ட வேண்டும், சேமித்ததில் பாதி அங்கே போய்விடும். பெரிய எஞ்சின் எப்படியும் தன் உடம்பையே இழுத்துக்கொண்டு திரிகிற ஜாதி. நாலு பேர் கூட ஏறினால் அதற்குப் பெரிதாக உறைக்காது. ஆகவே குடும்பத்துக்கு வண்டி பார்க்கிறவர்கள் குடும்பத்தின் கனத்தோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். டேங்கை முழுக்க நிரப்பி, நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பம்பில் அதே குழாயில் மறுபடி நிரப்பினால் உண்மை வெளியே வந்துவிடும். யாரும் இதைச் செய்வதில்லை. கண்ணாடியில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள்.

என்னிடம் ஏழு பேர் இல்லை. தண்ணீர் கேன் இருக்கிறது. ஒரு கேன் இருபது கிலோ. ஒவ்வொருவர் எடையும், யார் எந்தச் சீட்டில் என்பதும் எழுதி அனுப்பு. அந்தந்த இடத்தில் அந்தந்தக் கனத்தை வைத்து ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

மூன்று மாதம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். வேலைக்குப் போய்விட்டு வந்து மறுபடி எடுத்துப் படித்தேன். அதே எழுத்துதான் இருந்தது. நான் அங்கே வரலாமே என்று நீ கேட்கவில்லை, கேட்காததற்கு நன்றி. எனக்கு வார லீவு செவ்வாய், அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சனி ஞாயிறு யார்டில் கூட்டம், முதலாளி விட மாட்டார். இதைச் சொல்லித்தான் நம் வீட்டில் பாதிச் சண்டை. மீதிப் பாதிக்கு வேறு காரணங்கள் இருந்தன. தவிர, உங்கள் வாசலில் வந்து நின்று அழைப்பு மணியை அழுத்துகிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பெரியவனின் அப்பா


ஜூன் 12

பெரியவனின் அப்பாவுக்கு,

மேல் பல். இடது பக்கம்.

எடை கேட்டு எழுதினீர்களே, இங்கே வீடு இரண்டு பட்டுவிட்டது. பக்கத்து மருந்துக் கடையிலிருந்து எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இரட்டையர்களை நிற்க வைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. ஒருவன் ஏறினால் இன்னொருவன் பின்னால் ஒரு காலை வைக்கிறான். அவருடைய மகளுக்குப் பதினைந்து வயது, கேட்டதுமே கதவைச் சாத்திக்கொண்டாள். “யாருன்னே தெரியாத ஆளுக்கு என் வெயிட் எதுக்கு?” என்றாள். நியாயமான கேள்விதான். அவளுக்கு மட்டும் என் கண்மதிப்பில் எழுதியிருக்கிறேன். அவள் என்னோடு பேசிய வார்த்தைகளில் இதுதான் நீளமானது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அவர், சரி, உங்கள் வசதிக்குக் கண்ணாடிக்கடைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சிரித்துக்கொண்டே ஏறி நின்றார். எண்பத்துநாலு. “போன வருஷத்தைவிட கூடிடுச்சே, இதையெல்லாமா லெட்டர்ல எழுதப் போறே?” என்றார். நிறத்தைப் பார்த்துத்தான் குறித்தார் என்பது உண்மைதான். அதை அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீங்கள் சந்தோஷப்படலாம்.

மற்றவர்கள் எடை தனித் தாளில் இருக்கிறது. என்னுடையதைப் பார்த்து ஒன்றும் எழுத வேண்டாம்.

உட்காரும் இடம். ஓட்டுவது அவர். முன்னால் நான். நடு வரிசையில் அவருடைய மூன்று பிள்ளைகள். இரட்டையர்களைப் பின்னால் உட்கார வைத்தால் பத்தாவது கிலோமீட்டரில் வாந்தி எடுப்பார்கள், அவர்களுக்கு நடுவில் அக்கா இருந்தால்தான் அடங்குவார்கள். கடைசி வரிசையில் நம் இரண்டு பேரும். நம் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன் என்று ஆரம்பிக்காதீர்கள். வேறு எப்படி மாற்றிப் போட்டாலும் யாராவது ஒருவர் அழுவார்கள். நம் பிள்ளைகள் அழுவதில்லை. அதனால்தான் அங்கே போனார்கள் என்று எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது.

பெரியவன் எடை மிஷினிலிருந்து இறங்கி வந்து, “எனக்குப் பதிலா அப்பா தண்ணி கேன் வெச்சு ஓட்டப் போறாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “எத்தனை கேன்?” என்றான். இரண்டு என்றேன்.

பிள்ளைகளின் அம்மா


ஜூன் 19

குட்டியின் அம்மாவுக்கு,

உன் எடையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளையை எடுத்தேன். யார்டு வாட்ச்மேன் ஏறக்குறைய கண்ணாடிக்கடைக்காரரின் கனம். அவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னேன். “வண்டில ஆளுக்குப் பதிலா கேனா? ஏன் சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்றார். குடும்பத்துக்கு வண்டி பார்க்கிறேன் என்றேன். யார் குடும்பத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷன்.

நான் பெரியவன் சீட்டில் உட்கார்ந்தேன். பக்கத்தில் குட்டியின் கேன். நான் அவனைப்போல ஒன்றரை மடங்கு கனம், அதைச் சரிக்கட்டப் பெட்டிகளின் கனத்தைக் குறைத்துக்கொண்டேன். ஆகவே மைலேஜ் சரியான கணக்குதான். பதிமூன்று வந்தது. ஏழு பேரோடு, ஏசியோடு பதிமூன்று என்றால் நல்ல மைலேஜ். கண்ணாடிக்கடைக்காரரிடம் தாராளமாகச் சொல்லலாம். மாதாமாதம் வந்து போகிற வண்டி இது. எண்ணைக் குறித்துக்கொண்டபோது என் கை ஒரு வினாடி நின்றது, சந்தோஷத்தில்தான்.

இனி அந்தக் கடைசி வரிசை. அதைச் சீட் என்று சொல்வது விற்கிறவர்களின் வசதி. தரை உயரமாக இருப்பதால் முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. ஏசிக் காற்றுக்கு அங்கே திறப்பு கிடையாது, நடு வரிசையில் இருப்பவர்கள் குளிர்ந்து மிச்சம் வைத்தால் உண்டு. ஜன்னல் திறக்காது. பின் கண்ணாடி தலைக்கு ஒரு சாண் தூரத்தில், வெயில் நேராகப் பிடரியில். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மணி நேரத்தில் கால் மரத்தது. வாட்ச்மேன் முன்னாலிருந்து என்னவோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் அவ்வளவு இரைச்சல். வண்டியில் ஏறிய குடும்பத்தில் பின்னால் உட்கார்ந்தவன் மட்டும் வேறு ஏதோ வண்டியில் போவது போல இருந்தது. பெரியவனுக்கு இந்த வயதில் மாதத்துக்கு மாதம் கால் நீளும். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். அழாத பிள்ளைகள் என்று நீ எழுதியிருந்தாய்.

எது என்று இன்னும் சொல்ல மாட்டேன். சாம்பலையும் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.

பெரியவனின் அப்பா


ஜூன் 23

பெரியவனின் அப்பாவுக்கு,

வெள்ளையையே எடுத்துவிடலாம். பதிமூன்று என்றதும் அவருக்கும் திருப்தி. நீங்கள் சாம்பலையும் ஓட்டிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கால் மரத்தால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி நடக்க விடுகிறேன். நீங்கள் எப்போதும் இப்படித்தான். ஒரு நல்லது கண்ணில் பட்டால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து எங்கே ஓட்டை என்று பார்ப்பீர்கள். வீட்டுக்கு ஒரு திரைச்சீலை வாங்கினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தையல் பிரிந்த இடத்தைத் தேடுவீர்கள். யார்டில் அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வீட்டில் நான் கேட்கவில்லையே.

இதற்கு மேல் சண்டை வேண்டாம். உண்மையைச் சொல்கிறேன். வெள்ளையை எடுத்தால் மாதாமாதம் வரலாம். பிள்ளைகளுக்காக மட்டும் இல்லை. இந்த வீட்டில் எல்லோரும் நல்லவர்கள், யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆனால் கரண்டி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று இன்றைக்கும் நான் யோசித்துத்தான் திறக்கிறேன். சாயங்காலம் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து பழைய கதை பேசுவார்கள். அந்தக் கதையில் வேறு ஒரு அம்மா வருவாள், இறந்துபோனவள். அப்போது நான் சமையலறைக்குப் போய் எதையாவது கழுவுவேன். மாதம் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருக்கிறது. இதை உங்களிடம் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

வெள்ளை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பிள்ளைகளின் அம்மா


ஜூலை 1

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. திரைச்சீலையில் தையல் பிரிந்துதான் இருந்தது. போகட்டும்.

இன்றைக்குச் சாம்பலை ஓட்டிவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது.

வாட்ச்மேனுக்கு முதுகுவலி, வரவில்லை. நான் ஒருவனேதான் கேன்களை நிரப்பி ஏற்றினேன். உன்னுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நிறுத்து ஏற்றினேன், ஒருவரையும் விடவில்லை. உன்னை முன் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டேன். இரட்டையர்களும் அவர்கள் அக்காவும் நடுவில். பெரியவனும் குட்டியும் பின்னால். கண்ணாடிக்கடைக்காரருக்கு நாலு கேனும் மேலே கொஞ்சமும் வந்தது. அவரை உட்கார வைக்கச் சீட் மிச்சமில்லை. கடைசியில் டிக்கியில்தான் இடம் இருந்தது. கயிறு போட்டுக் கட்டினேன், உருளாமல் இருந்தார்.

பைபாஸில் எண்பதில் பிடித்துக்கொண்டு போனேன். நல்ல வண்டி. ரோட்டை மிதித்துக்கொண்டு போகிறது, எஞ்சின் ஒரே சீராகப் பேசுகிறது. பின் வரிசையில் ஏசி வருகிறதா என்று பார்க்க, குட்டியின் கேன் மேல் ஒரு காகிதத்தை ஒட்டியிருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அது ஆடிக்கொண்டே வந்தது. காற்று நன்றாகப் போகிறது. வழியில் பாலம் ஒன்று வந்தது, கீழே ஆறு. பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்ட வேகத்தைக் குறைத்தேன். குறைத்த பிறகுதான் யாருக்குக் காட்டுகிறேன் என்று வெட்கமாகப் போயிற்று. ஒரு வளைவில் உன் பக்கத்துக் கேன் சாய்ந்தது, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வண்டி நிறைய இருந்தது. திரும்பி யார்டுக்கு வர மனமில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போயிருப்பேன், மைலேஜ் கணக்கு கெட்டுவிடும் என்று திரும்பினேன்.

நடுவில் ஓரமாக நிறுத்திவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். காலை நீட்டலாம். ஜன்னல் பெரிது. முன்னால் இருப்பவர்கள் பேசினால் கேட்கும்.

டேங்கை நிரப்பிப் பார்த்தால் ஒன்பதரை. வெள்ளைக்குப் பதிமூன்று, இதற்கு ஒன்பதரை. பூசி மெழுக ஒன்றுமில்லை, நிறையக் குடிக்கிற வண்டிதான். டயரில் காற்றைச் சரியாக வைத்து, ஏர் ஃபில்டரை மாற்றினால் பத்தைத் தொடலாம். அதற்கு மேல் ஏறாது.

இனி என் முடிவு. சாம்பலை எடு. மைலேஜ் ஒன்றைத்தானே பார்க்கச் சொன்னோம் என்பாய். மைலேஜ் என்பது வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது. அதில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை எவ்வளவு தூரம் தாங்குவான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையில் மாதாமாதம் வருவார்கள். நான் வாசலில் நின்று பார்க்க, மரத்த காலோடு இறங்குவார்கள். என்னைப் பார்க்க வருவதென்றாலே அவர்களுக்கு அந்தப் பின் சீட்டு ஞாபகம்தான் வரும். இன்னும் ஒரு வருஷத்தில் பெரியவன் ‘வரலைம்மா’ என்று சொல்ல ஆரம்பிப்பான். தவிர, எனக்காக வருவது வருஷத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் அந்த ஏழு பேரும் அந்த வண்டியில்தான் போய் வர வேண்டும். அதில் என் பிள்ளைகள் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது.

மூன்று மாதம் என்றால் மூன்று மாதம். நான் இருந்துகொள்கிறேன்.

பெரியவனின் அப்பா


ஜூலை 6

பெரியவனின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை மைலேஜுக்காக. இரண்டாவது தடவை உங்கள் முடிவுக்காக. மூன்றாவது தடவைதான் ஒன்று கண்ணில் பட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன், அப்புறம் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் அனுப்பிய தாளில் ஏழு பேர். அந்த ஏழு பேரையும் ஏற்றிவிட்டு, ஓட்டுவதற்கு நீங்களும் ஏறியிருக்கிறீர்கள். எட்டுப் பேர். ஓட்ட வேண்டியவரைக் கட்டி டிக்கியில் போட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்கள் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். வேண்டுமென்று செய்கிற ஆளாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஊர் வண்டியிலெல்லாம் குண்டூசி அளவு குற்றம் கண்டுபிடிக்கிறவர், எட்டுப் பேர் ஏறியதைப் பார்க்கவில்லை. கடிதத்தில் அதை அப்படியே எழுதியும் அனுப்பியிருக்கிறீர்கள்.

நமக்குள் இனி ஒன்றுமில்லை. இதை எழுதித்தான் ஆக வேண்டும், நீங்களும் படித்துத்தான் ஆக வேண்டும். நான் இங்கே பழகிக்கொள்வேன். ஆனால் அந்த வளைவில் கையை நீட்டிப் பிடித்தீர்களே, அதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நிஜமாக நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் நீங்கள் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வருவீர்கள்.

சாம்பலையே எடுக்கிறோம். நீங்கள் எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன், டிக்கி சமாசாரத்தை மட்டும் விட்டுவிட்டு. “அந்த வெள்ளையச் சொல்லியிருந்தா மாசாமாசம் பிள்ளைங்களப் பாத்திருக்கலாமே அவரு” என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் நானே கேட்டேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று பேசி வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டில் நான் இன்னும் கேட்டு வாங்குகிற நிலையில்தான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும். எட்டுப் பேரோடு ஓட்டிய கணக்கை அவரிடம் எப்படிக் கொடுப்பது? ஏழு பேருக்கு எவ்வளவு என்று சரியாகச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் அம்மா


ஜூலை 10

குட்டியின் அம்மாவுக்கு,

நீ சொன்னது சரி. கடிதத்தைப் படித்துவிட்டு யார்டுக்குப் போய், காலியாக நிற்கிற சாம்பல் வண்டியைத் திறந்து சீட்டுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். பத்தொன்பது வருஷமாக வண்டி பார்க்கிறேன், இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. முதலாளியிடம் சொல்லவில்லை. வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் என்று நீ கேட்டு வாங்கியதற்கு நன்றி. அதற்கு மேல் கேட்க வேண்டாம். உனக்காக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அதைக் கேட்டுக்கொள். கண்ணாடிக்கடைக்காரர் சொன்னதையும் படித்தேன். அவர் மேல் கோபப்பட எனக்கு ஏதாவது ஒன்று மிச்சம் வைத்திருக்கலாம் நீ.

வண்டியை எடுக்க சனிக்கிழமை வருவதாக முதலாளிக்குத் தகவல் வந்திருக்கிறது. இன்று காலை ஃபில்டர் மாற்றிவிட்டேன். டயர் ஐந்திலும் காற்று பார்த்துவிட்டேன். ஏழு பேர் ஏறும்போது பின் டயரில் கொஞ்சம் கூட இருக்க வேண்டும், அளவை ஓட்டுகிறவர் பக்கக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், படித்துக்கொள்வார். பின் சீட்டில் ஒரு பெல்ட் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அதையும் பிரித்துச் சரிசெய்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கும், அதிகம் பேச முடியாது. பெரியவனும் குட்டியும் பின்னால் ஏறி உட்காரும்வரை பக்கத்தில் நிற்பேன்.

நீ கேட்ட கணக்கு. நேற்று மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை டிக்கியில் யாரும் இல்லை. கண்ணாடிக்கடைக்காரரின் இடத்தில் நான் உட்கார்ந்தேன். அவரைவிட நான் இருபது கிலோ குறைவு, அதற்கு ஒரு கேனை என் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன். ஆகவே கணக்குப்படி ஓட்டியது அவர், வண்டியில் நான் இல்லை. பாலத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. வழியில் எங்கும் நிறுத்தவுமில்லை. அதே பம்பில், அதே குழாயில், நுரை அடங்கும்வரை பொறுத்து நிரப்பினேன்.

ஒன்பதரை. எட்டுப் பேர் இருந்தபோது வந்ததும் அதேதான். குழாயை எடுத்துவிட்டு நம்பாமல் இன்னொரு தடவை கணக்குப் போட்டேன், புள்ளிக்குப் பின்னால்கூட மாறவில்லை. இவ்வளவு பெரிய வண்டிக்கு ஒரு ஆள் கூடுவதும் குறைவதும் ஒரு பொருட்டில்லை, இது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். தெரிந்தும் நான் ஏதோ எதிர்பார்த்துக்கொண்டுதான் பம்புக்குப் போயிருக்கிறேன். ஒன்பதரை என்றே அவரிடம் சொல்லிவிடு. நான் இறங்கிவிட்டது வண்டிக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்காவது கொஞ்ச நாள் தெரிய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பெரியவனின் அப்பா